நாற்பத்திரண்டு வயசு நாகவல்லி

நாகவல்லிக்கு ஷாகிதாவைக் கண்டாலே ஆகாது. மற்றவர்களைக் கண்டால் மட்டும் ஆகுமா என்றால், அதுவும் கிடையாது. பட்டாபிராமிலிருந்து வரும் ஷேர் ஆட்டோக்காரன், கல்லூரி வாசலில் தூங்கி வழியும் வாட்ச்மேன், வானகரத்தில் கட்டிக்கொடுத்த மகளின் மாமியார் என்று அவளுக்கு ஆகாதவர்களின் பட்டியல் நீளம். ஆனால் அவர்களையெல்லாம் வாயாரத் திட்டிவிட்டு, ஒரு டீயைக் குடித்துவிட்டு மறந்துவிடுவாள். நர்சிங் இரண்டாம் வருடம் படிக்க வந்த இந்தப் பூந்தமல்லிப் பெண்ணை மட்டும் அப்படி மறக்க முடியவில்லை. வந்த முதல் நாளே நாகவல்லியின் வயசைக் கேட்டுத் தொலைத்தவள் அவள்.

வயசைக் கேட்டால் என்ன குடி முழுகிவிட்டது என்று தோன்றலாம். முழுகத்தான் செய்தது.

திருவேற்காட்டிலிருந்து ஆவடி போகிற சாலையில் இருந்த அந்தக் கல்லூரிக்குச் சாரம்கூடப் பிரிக்காத காலத்திலேயே கூட்டிப் பெருக்க வந்தவள் நாகவல்லி. புருஷன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், அப்புறம் எழுந்திருக்கவில்லை. மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. கல்லூரியில் மூன்று மாடி, மாடிக்கு ஆறு கழிப்பறை, அத்தனைக்கும் ஆயாக்கள் இரண்டே பேர். நாகவல்லி ஒருத்தி, வேம்புலியம்மாள் இன்னொருத்தி.

முதல் வருடமே பயிற்சி அறையில் இருந்த பொம்மையின் கை கழன்று விழுந்தது. நோயாளியைத் தலை முதல் கால் வரை எப்படிப் பரிசோதிப்பது என்று அன்றைக்குப் பாடம். கையில்லாத பொம்மையிடம் நாடி பார்க்க முடியாதே, வாசலில் துடைப்பத்தோடு நின்றவளை, "நாகவல்லி, வந்து படு" என்றார்கள். படுத்தாள். அதன் பிறகு யாரும் புதுப் பொம்மை வாங்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் அவளுக்குக் கட்டில், மின்விசிறி, பதினோரு மணிக்குக் கண்ணாடி டம்ளரில் டீ. அந்த மூன்று நாளும் பதினெட்டுக் கழிப்பறையும் வேம்புலியம்மாள் தலையில். வேம்புலியம்மாள் அவளைப் பார்க்கிற பார்வையில் பச்சை மிளகாய் வதங்கும். அந்தக் கட்டில் எப்போது காலியாகும் என்று கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தாள் அவள்.

பதினோரு வருடம் படுத்ததில் நாகவல்லிக்கு அந்தப் பாடம் முழுக்க அத்துப்படி. முதலில் தலைமுடியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிறகு கீழ் இமையை இழுத்து, உள்ளே சிவப்பா வெளுப்பா என்று பார்க்க வேண்டும். கண்ணில் டார்ச் அடித்தால் பாப்பா சுருங்க வேண்டும். நகத்தை அழுத்திவிட்டால் இரண்டு நொடியில் ரத்தம் திரும்ப வேண்டும். மார்பில் முதலில் தட்டிவிட்டுப் பிறகு குழாய் வைத்துக் கேட்கலாம், வயிற்றில் அப்படிச் செய்யக் கூடாது. செய்தால் படுத்துக்கொண்டே சீறுவாள்.

"யம்மாடி, வயித்த மொதல்ல கேளு, அப்பால அமுக்கு. அமுக்கிட்டுக் கேட்டா கொடலு வேற பாட்டு பாடும். எத்தினி வாட்டி சொல்றது உங்களுக்கு?"

பிள்ளைகள் நடுங்குவார்கள். டியூட்டர் கிருஷ்ணப்பிரியாவுக்கோ பற்றிக்கொண்டு வரும். எம்.எஸ்சி. படித்த தனக்கு முன்னால் துடைப்பக்காரி பாடம் நடத்துவதா என்று. அவளும் நாகவல்லியும் பேசிக்கொள்வது எப்போதும் மாணவிகள் வழியாகத்தான். "பேஷண்டை வாய மூடிட்டுப் படுக்கச் சொல்லுங்க" என்பாள் அவள். "உங்க மேடத்த ஃபேன கொஞ்சம் வேகமா வெக்கச் சொல்லு" என்பாள் இவள்.

இத்தனை பாடம் நடந்தும் ஒரு வேடிக்கை உண்டு. தலையில் ஆரம்பிக்கிற பிள்ளைகளில் ஒருத்திகூடக் கால் வரை வந்து சேர்ந்ததில்லை. ஒரு ஆளுக்கு இருபது நிமிடம். தலையையும் நெஞ்சையும் தாண்டி வயிற்றுக்கு வரும்போதே மணி அடித்துவிடும். மிச்சத்தை ரெக்கார்டு நோட்டில் பார்த்து எழுதிக்கொள்வார்கள். அந்த நோட்டு சீனியர் கையிலிருந்து ஜூனியர் கைக்கு வருவது. முதல் பேட்ச் பெண் என்ன எழுதினாளோ அதுதான் இன்றைக்கும். பெயர் நாகவல்லி, வயது நாற்பத்திரண்டு, எடை ஐம்பத்தெட்டு கிலோ, பாதங்கள் இயல்பு. மகளுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்துவிட்டான், நோட்டில் மட்டும் நாகவல்லிக்கு வயசு ஏறவேயில்லை. கல்லூரியிலேயே வயசாகாத ஒரே பொம்பளை தான்தான் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. எவளாவது தப்பித்தவறிக் காலில் கை வைக்கப் போனாலும், "கூச்சமாக் கீது, தொடாத" என்பாள். அவர்களும் தப்பித்தோம் என்று போய்விடுவார்கள்.

முதலில் அந்தக் கூச்சம் உண்மையாகத்தான் இருந்தது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மதியம், ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி நடந்துகொண்டிருந்தாள். பின்னாலிருந்து ஒருத்தன், "யக்கா, ஒரு செருப்பு அங்கயே கீது பாரு" என்று கத்தினான். குனிந்து பார்த்தால், இடது காலில் செருப்பு இல்லை. கொதிக்கிற தாரில் முப்பது அடி நடந்திருக்கிறாள், தெரியவில்லை. சொன்னவனையே, "உன் வேலையப் பாத்துகினு போடா" என்று திட்டிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம், அண்ணன் ஜெகன். அம்பத்தூரில் ஆட்டோ ஓட்டியவன். அவனுக்கும் ஆரம்பம் இப்படித்தான், செருப்பு நழுவினது தெரியவில்லை. சர்க்கரை என்றார்கள். பெருவிரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முட்டிக்குக் கீழே. ஆட்டோவை விற்றாயிற்று. இப்போது வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, போகிறவன் வருகிறவன் காலையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான். நாகவல்லி அவனைப் பார்க்கப் போவதையே நிறுத்திவிட்டாள்.

டாக்டரிடம் போயிருக்கலாமே என்றால், போகலாம்தான். போனால் சர்க்கரை என்பான். சர்க்கரை என்றால் நோட்டில் இருக்கிற நாகவல்லி செத்தாள். இயல்பாக இல்லாத உடம்பு எந்தப் பாடத்துக்கு ஆகும்? மறுநாளே வேம்புலியம்மாள் கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்வாள், இவள் ஈரக் கழிப்பறையில் உணர்ச்சியில்லாத காலோடு நிற்க வேண்டும். அதனால் ஒரு ஜோடி சாக்ஸ் வாங்கினாள். கேட்டவர்களிடம் மின்விசிறிக் காற்று குளிர்கிறது என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்களாம், இவள் பாதத்தைச் சாக்ஸில் மறைத்தாள்.

இந்த ஷாகிதாவிடம்தான் எல்லா மறைப்பும் செல்லாமல் போனது. அப்பா பூந்தமல்லியில் மெத்தை தைக்கிறவராம். பெண்ணும் மெத்தைக்குப் பஞ்சு அடைக்கிற மாதிரி ஒவ்வொரு மூலையாகத் தடவித் தடவித்தான் பார்ப்பாள். முதல் நாள் அவள் கேட்டாள்.

"ஆயாம்மா, உங்க வயசு என்ன?"

"நோட்டுல கீது, பாத்து எழுது."

"நோட்டுல நாப்பத்திரண்டுன்னு இருக்கு. நீங்க எந்த வருஷம் பொறந்தீங்க?"

வாய் தவறி நாகவல்லி வருடத்தைச் சொல்லிவிட்டாள். ஷாகிதா கணக்குப் போட்டு, ஐம்பத்துமூன்று என்று எழுதிக்கொண்டு போய்க் கொடுத்தாள். கிருஷ்ணப்பிரியா அந்தத் தாளை வகுப்பு முழுக்கக் காட்டி, "வயசைக்கூட ஒழுங்கா எழுதத் தெரியாத நீயெல்லாம் என்னத்த நர்ஸாகப் போற?" என்று கிழித்தாள். கிழித்த கையோடு, கட்டில் பக்கம் திரும்பாமலே, "பேஷண்டை வயசெல்லாம் யார் சொல்லச் சொன்னது? ஐம்பத்துமூணுன்னா வேம்புலியம்மாவே பரவாயில்லையே, அவளுக்கு நாற்பத்தஞ்சுதான்" என்றாள். வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து நாகவல்லி அந்தப் பெண்ணைக் கரித்துக்கொட்டினாள். போன தேர்வில் ஷாகிதா வயிற்றோடு நேரம் முடிந்து ஃபெயில் ஆனபோது, "நல்லா வேணும்" என்று சத்தமாகவே சொன்னாள்.

மறுதேர்வு ஒரு திங்கட்கிழமை வந்தது. சேலத்துப் பக்கமிருந்து மங்களம் என்று ஒரு தேர்வாளர் வந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு, ஜன்னலோர மேஜையில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்துவிட்டார். அவர் பார்வைக்காகக் கிருஷ்ணப்பிரியா போன செவ்வாய்க்கிழமையே சுவரில் பெரிய மனித உடல் படம் ஒன்றை மாட்டச் சொல்லியிருந்தாள். நாகவல்லிதான் வெறுங்காலோடு ஸ்டூலில் ஏறி மஞ்சள் போர்டு பின் குத்தி மாட்டினாள். நாலு பின்னில் ஒன்று கீழே விழுந்து காணாமல் போனது. கிருஷ்ணப்பிரியா அதற்கும் ஒரு பாட்டம் கத்தினாள். படத்தின் ஒரு முனை இன்னும் காற்றில் படபடத்துக்கொண்டிருந்தது.

மூன்று பேர் வந்து, வயிறு வரை பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசியாக ஷாகிதா வந்தாள். கையைக் கழுவினாள். தலைமாட்டுக்கு வராமல் நேராகக் கால்மாட்டில் போய் நின்றாள்.

"எங்க நிக்கிற?" என்றாள் கிருஷ்ணப்பிரியா. "தலையிலேர்ந்து கால் வரைன்னு பேரிலேயே இருக்கே, அதுகூடவா மறந்துபோச்சு?"

"மறக்கல மேடம். போன தடவை தலையிலேர்ந்து வந்தேன், வயித்தோட டைம் முடிஞ்சிடுச்சு. இந்தத் தடவை கால்லேர்ந்து மேல போறேன்."

"பாத்தீங்களா மேடம்? எதையும் தலைகீழாத்தான் செய்வா. பிடிச்ச முயலுக்கு மூணு கால்."

மங்களம் நிமிரவில்லை. "செய்யட்டும். வரிசைக்கு ரெண்டு மார்க் குறைச்சுக்கிறேன்."

 நாகவல்லி சட்டென்று இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதங்களைக் கட்டிலில் அழுத்தி ஊன்றிக்கொண்டாள்.

"சாக்ஸக் கழட்டணும் ஆயாம்மா."

"கூச்சமாக் கீது. தொடாத. இத்தினி வருசத்துல ஒருத்தியும் தொட்டதில்ல. நார்மல்னு எழுதிகினு போ."

"கூச்சம் இருந்தா நல்லதும்மா, நரம்பு சரியா இருக்குன்னு அர்த்தம். ஒரே ஒரு தடவை கூசிக் காட்டுங்க, நானே நார்மல்னு எழுதிடறேன்."

 நாகவல்லி சாக்ஸை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். மங்களம் முதல்முறையாகத் தலையைத் தூக்கி, "கழட்டும்மா" என்றார். ஷாகிதா இடது சாக்ஸைக் கழற்றினாள். பாதத்தின் மேலே இரண்டு விரலை வைத்து நாடியைத் தேடினாள். வெகுநேரம் தேடினாள். நகத்தை அழுத்திவிட்டு, ரத்தம் திரும்புகிறதா என்று பார்த்தாள். அவள் முகம் போன போக்கு நாகவல்லிக்குப் பிடிக்கவில்லை.

"கண்ண மூடிக்குங்க. பஞ்சு படும்போதெல்லாம் 'தொட்ட'ன்னு சொல்லுங்க."

இந்தச் சோதனை நாகவல்லிக்குப் புதிதல்ல. கையில் ஆயிரம் தடவை செய்திருக்கிறார்கள். பிள்ளைகள் மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டுத் தொடுவார்கள், தொடுவதற்கு முன் மூச்சை ஒரு கணம் பிடிப்பார்கள், வளையல் லேசாக நகரும். உணர்ச்சி எதற்கு, காது போதும். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து எண்ணினாள்.

"தொட்ட," என்றாள்.

 மறுபடி எண்ணினாள். வளையல் சத்தம் கேட்டது போலிருந்தது. "தொட்ட." பிறகு, இன்னும் கொஞ்சம் தெம்பாக, "இப்பவும் தொட்ட."

"நான் இன்னும் தொடவே இல்ல ஆயாம்மா," என்றாள் ஷாகிதா.

கண்ணைத் திறந்தால், அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

நாகவல்லிக்கு உச்சந்தலை வரை ஏறியது. "இன்னாடி, என்னியே வேவு பாக்குறியா? மெத்தக்காரன் பொண்ணு, உனுக்கு இவ்ளோ திமிரா? பொய்காரின்றியா என்னிய?"

ஷாகிதா குனிந்தாள். குதிகாலைப் பிடித்து, பாதத்தைத் தூக்கி, அடிப்பக்கம் பார்த்தாள். 

"இது எப்போ குத்துச்சு?"

நாகவல்லி எழுந்து உட்கார்ந்து, காலைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். குதிகாலுக்குச் சற்று முன்னால், பொத்தான் தைத்த மாதிரி, ஒரு மஞ்சள் போர்டு பின். முழுக்க உள்ளே இறங்கியிருந்தது. சுற்றிலும் தோல் கறுத்து, ஓரத்தில் ஈரம் கசிந்தது. அதன் மேல்தான் அவள் ஆறு நாளாக நடந்திருக்கிறாள். குளித்திருக்கிறாள், வீட்டுக்கும் கல்லூரிக்கும் போய் வந்திருக்கிறாள், இதோ ஐந்து நிமிடம் முன்னால் அழுத்தி ஊன்றியிருக்கிறாள்.

முதலில் வாய் திறந்தது கிருஷ்ணப்பிரியாதான். முகம் வெளுத்துப்போயிருந்தது. வெளியாள் முன்னால் பதினோரு வருட நோட்டும் பொய் என்றாகிவிடுமே. "நீதான் குத்தியிருக்க!" என்று ஷாகிதாவின் மேல் பாய்ந்தாள். "மேடம், எங்க ரெக்கார்டு எல்லாத்துலயும் இவங்க பாதம் நார்மல். பாஸாகணும்னு இந்தப் பொண்ணு பின்னைக் குத்திட்டு, கண்டுபிடிச்சேன்னு காட்டுறா. இவளை இன்னிக்கே வெளிய அனுப்பணும்."

"இல்ல மேடம். சத்தியமா இல்ல," என்றாள் ஷாகிதா. அவள் குரல் உடைந்துவிட்டது.

மங்களம் பேனாவைக் கீழே வைத்தார். "பேஷண்டையே கேட்போம். ஏம்மா, இந்தப் பொண்ணா குத்தினது?"

கிருஷ்ணப்பிரியா நாகவல்லியைப் பார்த்தாள். பதினோரு வருடத்தில் முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அர்த்தம் விளங்காமலிருக்க நாகவல்லி ஒன்றும் பச்சைப் பிள்ளையில்லை. ஆமாம் என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்குக் கட்டில் மிஞ்சும், மின்விசிறி மிஞ்சும், நாற்பத்திரண்டு வயசு மிஞ்சும். ஆகாத பெண்ணும் ஒரேயடியாகத் தொலைவாள். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு ஆசையாகவே இருந்தது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை.

"குத்தும்போது வலிச்சுதா?" என்றார் மங்களம்.

நாகவல்லி குனிந்து பார்த்தாள். பயத்தில் ஷாகிதா அவள் காலின் பெருவிரலை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். பிடித்த பிடியில் அந்தப் பெண்ணின் நகமே வெளுத்திருந்தது. கண்ணால் பார்த்திராவிட்டால் அது நாகவல்லிக்குத் தெரிந்தே இருக்காது. ஜெகனும் இப்படித்தான் சொன்னான், வலித்திருந்தால் அப்பவே ஓடியிருப்பேனே என்று.

"அவ குத்தியிருந்தாலும் எனுக்கு எப்டி மேடம் தெரியும்?" என்றாள் நாகவல்லி. "இந்தக் கால அறுத்து எடுத்துகினு போனாக்கூட எனுக்குத் தெரியாது. ரெண்டு மாசமாத் தெரியல." பிறகு கிருஷ்ணப்பிரியா பக்கம் திரும்பினாள். "போன செவ்வாக்கெயம ஒரு பின்னு காணோம்னு அந்தக் கத்து கத்துனியே. இந்தா கீது, எடுத்துக்கோ."

கிருஷ்ணப்பிரியா சுவரைப் பார்த்தாள். மற்ற மூன்று மஞ்சள் பின்னும் அங்கே இருந்தன.

மங்களம் எழுந்து வந்து, பாதத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, நெற்றியைச் சுருக்கினார். "இங்க யாரும் பிடுங்க வேண்டாம். சுத்தமா மூடிக் கட்டி, வண்டி வெச்சு இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ரத்தத்துல சர்க்கரை பாக்கணும்."

"எறங்கு கீழ," என்றாள் கிருஷ்ணப்பிரியா, பல்லைக் கடித்துக்கொண்டு. "யாராவது வேம்புலியம்மாவைக் கூப்பிடுங்க. பேஷண்டை மாத்திட்டுப் பரீட்சையத் தொடரலாம்."

வேம்புலியம்மாளைக் கூப்பிடவே வேண்டியிருக்கவில்லை. கதவோரம் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். நாகவல்லி அவளையும் பார்த்தாள், கிருஷ்ணப்பிரியாவையும் பார்த்தாள். கட்டிலின் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"எறங்க மாட்டேன். இவுளுக்கு இருவது நிமிசம். இன்னும் எட்டு நிமிசம் பாக்கி கீது. அது முடிஞ்சதும் எவ வேணா ஏறிப் படுத்துக்கோங்க, வண்டி வரட்டும், நான் போறேன். யேய், வயசு இன்னா எழுதின?"

"ஐம்பத்துமூணு," என்றாள் ஷாகிதா.

"அயிச்சிடாத. இன்னாத்துக்கு அழுதுகினு கீற? மூஞ்சத் தொடச்சிக்கோ. இன்னொரு கால் கீது பாரு, அதுவும் என்னோடதுதான். கழட்டு."

ஷாகிதா முகத்தைத் துடைத்துக்கொண்டு வலது சாக்ஸைக் கழற்றினாள். அடிப்பாதத்தைப் பார்த்தாள், விரல் இடுக்குகளைப் பார்த்தாள், பஞ்சை எடுத்தாள். நாகவல்லி கண்ணை மூடினாள். இந்த முறை ஐந்து எண்ணவில்லை. வளையலுக்குக் காது கொடுக்கவில்லை. ஒரு பெண்ணின் கை தன்மேல் படுவதற்காக, தன் வாழ்நாளில் இல்லாத பயத்தோடு, வெறுமனே காத்திருந்தாள். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை. அவ்வளவுதான், இதுவும் போயிற்று என்று நினைத்தபோது, சுண்டுவிரல் ஓரம் எறும்பு ஊர்ந்தது போல ஏதோ பட்டது.

"தொட்ட," என்றாள் மெல்ல.

"ஆமாம்மா. தொட்டேன்."

"இன்னொருக்கா தொட்றி," என்றாள் நாகவல்லி, கண்ணைத் திறக்காமல்.